மூன்று அங்குலக் குழாய்

சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஹார்ட்வேர் கடை. நான்காவது வரிசை.
கழிவுநீர்க் குழாய்களுக்கு நான்தான் பொறுப்பு.
யார் வீட்டுக் குளியலறை எந்தப் பக்கம் சரிகிறதென்று
பில்லைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
ஒரு சனிக்கிழமை
மூன்று அங்குலக் குழாய் ஒரு மீட்டர்,
நாற்பத்தைந்து டிகிரி முழங்கை இரண்டு
எனக்கே பில் போட்டுக்கொண்டேன்.
"வீட்டில் அடைப்பா, சலோச்சனா?" என்றார் முதலாளி.
"ஆமாம். மூக்கடைப்பு."

வண்டிக்கு.
வெள்ளை சிட்டி கோல்ஃப், தொண்ணூற்றெட்டு மாடல்.
மணவிலக்கில் அவனுக்கு வீடு, எனக்கு இது.
கறுப்புப் பெட்டிக்குள் ஒரு காகித வடிகட்டி;
அதில் மூன்று கோடைத் தூசி,
ஒரு வெட்டுக்கிளியின் கால்.
ஷால்க்ராஸ் மேட்டில் ஏறும்போது
வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி இழுக்கும்.

கடைக்காரன் விற்கிற கிட் நாலாயிரம் ராண்ட்.
கையைக் கடிக்கும், முழங்கை வரைக்கும்.
ஜேக்கப்ஸ் பழைய சாமான் முற்றத்தில்
எங்கோ மோதிச் செத்த ஹோண்டாவிலிருந்து
கூம்பு வடிகட்டியைக் கழற்றித் தந்தான் போங்கின்கோசி.
நூற்றெண்பது.
"கழுவிக் காயவை, சிசி" என்றான்.
சிசி என்றால் அக்கா.
என்னைவிடப் பத்து வயது மூத்தவன்.

அன்றும் மின்வெட்டு.
கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
ரம்பத்தால் அறுத்தேன்.
அறுத்த விளிம்பை விரலால் தடவித் தடவி
உப்புத்தாளால் தேய்த்தேன்.
உள்ளே ஒரு பிசிர் போனாலும்
எஞ்சினுக்கு அது வாழ்நாள் முள்.
கரண்ட் வந்ததும் தலை உலர்த்தும் கருவியால்
குழாயின் வாயை இளக்கி
த்ராட்டில் கழுத்தில் செருகினேன்.
எண்ணெய்ப் புகை திரும்பி வர ஒரு துளை;
அதற்குச் சொட்டுநீர்ப் பாசன நிப்பிள், ஆறு ராண்ட்.
கிளாம்பை முறுக்கையில் விரல் நசுங்கியது.
கடையில் ஆங்கிலம், டாக்சியில் ஜூலு,
பானட்டுக்கு அடியில் மட்டும்
சுத்தமான தமிழ் வருகிறது எனக்கு,
அச்சில் ஏற்ற முடியாத தமிழ்.

சாவியைத் திருப்பினேன்.
அடடா, அந்தச் சத்தம்!
தெரு நாய் இரண்டு எழுந்து உட்கார்ந்தன.
எதிர்வீட்டு திருமதி படையாச்சி
திரையை விலக்கி, என்னைப் பார்த்து,
திரையை மூடினாள்.

வெள்ளிக்கிழமை நெரிசல், பிப்ரவரி வெயில்.
ஹிக்கின்சன் சாலையில் முக்கால் மணி நேரம்.
பச்சை விழுந்தது. அழுத்தினேன்.
உறுமல் வந்தது, வண்டி வரவில்லை.
பானட்டைத் திறந்தால்
குழாய் கொதிக்கிறது, நடுவில் லேசாய்த் தொய்வு.
ரேடியேட்டருக்குப் பின்னால் வாயை வைத்திருக்கிறேன்.
அடுப்புக்கு மேல் முகத்தை நீட்டி
மூச்சை இழு என்று சொல்லியிருக்கிறேன்.

மறுபடி அறுத்தேன்.
இந்த முறை வாயை முன் விளக்குக்குப் பின்,
வெளிக்காற்று நுழைகிற இடுக்கில்.
நடுவே வெப்பத்தை மறிக்க
சமோசா அடுக்கும் அலுமினியத் தட்டை வளைத்துத் திருகினேன்.
முதல் வாரம் எஞ்சின் சூடேறினால்
மசாலா மணத்தது.

சோதனை: மூன்றாம் கியர், நாற்பதிலிருந்து எண்பது.
பழைய பெட்டியோடு பதினொன்று புள்ளி நான்கு நொடி.
இப்போது பதினொன்று புள்ளி ஒன்று.
அந்தப் புள்ளி மூன்று
என் கட்டைவிரலின் அவசரமாகவும் இருக்கலாம்.
மொத்தச் செலவு முந்நூற்றுப் பதினொன்று,
தட்டு நீங்கலாக.

மழைக்குப் பயம் உண்டு.
தேங்கிய தண்ணீரைக் கண்டால் சுற்றுவழிதான்;
ஒரு வாய் குடித்தால் எஞ்சின் போச்சு.
ஆனால் மேட்டில் கண்ணாடியை இறக்கிவிடுகிறேன்,
ரேடியோவை அணைத்துவிடுகிறேன்.

நேற்று ஒரு பையன், காதில் பென்சில்.
"மூன்று அங்குலக் குழாய், ஒரு மீட்டர். முழங்கை ரெண்டு."
"குளியலறைக்கா?"
தரையைப் பார்த்தான். "ம்."
நகக்கண்ணில் கிரீஸ்.
கிளாம்ப் நான்கை எடுத்து அவன் முன் வைத்தேன்,
உப்புத்தாளும்.
"ரேடியேட்டர் பக்கம் போகாதே" என்றேன்.